புலம்பலும் மன்றாட்டே



2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்துகொண்டதை நம் தாம்பரம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்து வந்த ஞாயிறன்று, உடைமைகளையெல்லாம் வெள்ளத்தில் இழந்திருந்த தாய் ஒருவர் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டார். "சாமி, இன்றைக்கு என்னால் பாட முடியாது" என்றார். "உயிர் பிழைத்தோமே அம்மா, நன்றி சொல்லிப் பாடுங்கள்" என்று அறிவுரை கூறிவிட்டு உள்ளே சென்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. என் அறிவுரை பிழையானது என்பதை, செர்மானியப் பாடல் ஒன்றைப் பின்னாளில் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

செர்மனியின் திரெஸ்தன் நகரில் திருச்சிலுவையின் பெயர் தாங்கிய லுத்தரன் ஆலயம் உள்ளது. அதன் சிறுவர் பாடற்குழு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மரபுடையது. 1930 முதல் 1971-இல் இறக்கும்வரை அதனை நடத்தியவர் ருடால்ப் மவுவர்ஸ்பெர்கர். 1945 பிப்ரவரி 13-ஆம் நாள் இரவு தொடங்கிய குண்டுவீச்சில் அந்நகர் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். ஆலயமும் தீக்கிரையாயிற்று. பாடற்குழுச் சிறுவர் பதினொருவர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு பெரிய வெள்ளியன்றும் மறுநாளும், விவிலியத்தின் புலம்பல் நூலிலிருந்து வசனங்களைத் தெரிந்தெடுத்து, இசைக்கருவி எதுவுமின்றிப் பாடும் பாடலாக அவர் அமைத்தார். ஆகஸ்டு 4-ஆம் நாள், எரிந்து பாழாய்க் கிடந்த அதே ஆலயத்தில் அது முதன்முறை பாடப்பெற்றது. அதில் ஆறுதல் மொழி விரைந்து வருவதில்லை. 'எங்களை ஏன் மறந்தீர்?' என்னும் பொருள்பட இறைவனை நோக்கிக் கேள்வி எழுகிறது. எம் துயரைக் கண்ணோக்கும் என்ற மன்றாட்டோடு பாடல் முடிகிறது. விடை தரப்படவில்லை, ஆயினும் பேசுவது இறைவனிடமே!

போரைத் தொடங்கிய நாட்டினர் புலம்பலாமா என்று சிலர் வினவக்கூடும். புலம்பல் நூலை முழுமையாக வாசித்துப் பாருங்கள். நகரின் அழிவுக்காக அழுகின்றவரே தம் மக்களின் பாவத்தையும் அறிக்கையிடுகிறார். ஏரிகளையும் நீர்வழிகளையும் அடைத்து வீடு கட்டிய நமக்கும் இந்த இரண்டும் வேண்டியவையே.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தவக்காலத்தில் நம் சிற்றூர்களில் வியாகுலப் பிரசங்கம் ஒலித்தபோது மக்கள் வெட்கமின்றிக் கண்ணீர் சிந்தினர். அதனை விசுவாசக் குறைவென்று எவரும் சொல்லவில்லை.

ஆகவே, துன்பம் நேர்ந்த வீட்டுக்குச் செல்லும்போது, நன்றி கூறுமாறு உடனே தூண்டாதீர்கள். அருகில் அமருங்கள், அவர்கள் அழுது முடிக்கட்டும். இறைவன் அவர்கள் புலம்பலையும் மன்றாட்டாகவே ஏற்றுக்கொள்வார். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாயைக் கண்டு, அன்று நான் கூறியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சாமி" என்றார். பின்னர், அன்று வெள்ளத்தில் போனவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இம்முறை நான் குறுக்கே பேசவில்லை.