தலைவன் மறைந்த பின்

சென்ற வாரம் வகுப்பிலே பழைய சீனத்தின் மூவரசர் காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அமைச்சர் சூகே லியாங்கின் கதையைக் கேட்ட மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், தலைவன் இறந்த பிறகும் ஊழியஞ் செய்வதில் என்ன இலாபம்?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசுவாசம் என்னும் சொல்லின் முடிச்சையே அவன் தொட்டுவிட்டான்.

ஆன் பேரரசு சிதைந்து, படை வைத்திருந்தவனெல்லாம் நாடாள முயன்ற காலம் அது. அத்தகைய தலைவர்களுள் ஒருவரான லியூ பெய்க்குச் சூகே லியாங் துணைநின்றார். 223இல் மரணப்படுக்கையிலே தலைவர், மகன் தகுதியற்றவனாயின் அரசை நீரே ஏற்றுக்கொள்ளும் என்றார். அமைச்சர் ஏற்கவில்லை. அந்த மகனுக்காகவே உழைத்து, 234இல் போர்ப்பாசறையிலே உயிர்விட்டார். தம் உடைமை 800 முசுக்கட்டை மரங்களும் சிறிது நிலமுமே என்று முன்னரே அரசனிடம் கணக்குக் காட்டியிருந்தார்.

இத்தகைய மனிதரைக் காணச் சீனம் வரை செல்லவேண்டியதில்லை. நமக்கு அக்கரையிலே, சிவகங்கைச் சீமையிலே, தாண்டவராய பிள்ளை என்றொரு பிரதானி இருந்தார். ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலக் கும்பினியும் மைசூர் ஐதர் அலியும் பாளையக்காரரும் ஒருவரையொருவர் நெருக்கிய காலம். 1772 ஜூனில் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார்.

அன்றைக்குப் பிரதானி நவாபின் பக்கம் சாய்ந்திருந்தால் யார் தடுத்திருப்பார்? பரிசளிக்க மன்னர் இல்லை, தண்டிக்கவும் இல்லை. ஆயினும் அவர் அரசி வேலுநாச்சியாரோடு திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சிக்குச் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், அரசியின் சார்பில் ஐதர் அலிக்குக் கடிதம் வரைந்து, 5000 குதிரை வீரரும் 5000 காலாட்களும் வேண்டினார். அரசிக்கு ஐதர் அலியின் ஆதரவு கிடைத்தது. இந்து அரசிக்கு முஸ்லிம் வேந்தர் துணைநின்றதைக் கேட்டு நம் பகுதியார் வியப்படையார். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் இக்கீழ்க்கரையிலே குடியேற்றிய வரலாறு நமக்குத் தெரிந்ததுதானே.

1780இல் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டார். அதைக் காணப் பிள்ளை உயிரோடில்லை. மீட்ட அரசும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1801இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். சூகே லியாங் காத்த அரசும் 263இல் வீழ்ந்தது.

அப்படியாயின் மாணவனின் கேள்விக்கு விடை யாது? வெற்றியை இலாபமெனக் கொண்டால் இருவரும் நட்டப்பட்டவர்களே. ஆனால் தலைவன் இருக்கும்வரை காட்டும் பணிவிலே அச்சம் எவ்வளவு, ஆசை எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. அவன் மறைந்த மறுநாள்தான் அது தெரியவரும். கதிரை மாறியதும் முகம் மாறுகின்றவர்களைக் கந்தோர்களிலும் சங்கங்களிலும் நாம் நாளும் காண்கிறோம். அவர்கள் பழைய தலைவரை ஏமாற்றினார்கள் என்பதன்று பெருங்குறை. புதிய தலைவரும் அவர்களை நம்பமாட்டார் என்பதே.

தம்பி, நம்பத்தக்கவன் என்ற பெயரே நீ கேட்ட இலாபம். அதைத் தலைவன் கொடுக்கமுடியாது, நாமே சம்பாதிக்கவேண்டும்.