பொன்னும் பேரனும்



எங்கள் தபால் கட்டில் மூத்த வாசகர்களின் கடிதங்களைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். 'மலை' என்று எழுதினால் லகரத்துக்கு முன்னால் இணைக்கொம்பு இருக்காது; எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருக்கும். புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர் ஒருவர், "சார், இது என்ன எழுத்து?" என்று கேட்டார். அவர் பிறப்பதற்கு வெகு முன்பே, 1978-இல், எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்து மாற்றிய எழுத்து அது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா என 13 எழுத்துகள் அன்று வடிவம் மாறின. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் தொடங்கிவைத்த சீர்திருத்தம். வரி வடிவம் மாறியதே தவிர, ஒலியில் அரை மாத்திரைகூட மாறவில்லை.

ஓலைக் காலத்துச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே எழுத்தைப் பார்த்தால் ஒலியே பிடிபடாது. மெய்யெழுத்துக்கும், குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி வைக்கச் சொல்கிறது தொல்காப்பியம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமே என்று பெரும்பாலும் வைக்காமலே விட்டார்கள். அதனால் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றாகிவிட்டன. போதாக்குறைக்குக் காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். கொம்பு, பகரம், கால், னகரம் என்று நான்கு குறிகள் வரிசையாக நின்றால் அதைப் 'பொன்' என்றும் படிக்கலாம், 'பேரன்' என்றும் படிக்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள் பாட்டிமார்கள். பதிப்பாசிரியர் அப்படி விட முடியுமா?

1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் இப்படிப்பட்ட ஏடுகளோடுதான் மல்லுக்கட்டினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது யாப்பு. 'பொன்' ஓரசை, 'பேரன்' ஈரசை. தவறாகப் படித்தால் சீர் கெடும், தளை தட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒலியைக் காது கண்டுபிடித்துக் கொடுத்தது. பதிப்புப் பணி என்றால் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததைத்தான் நாம் வியந்து பேசுகிறோம். எனக்கென்னவோ, இந்தப் படிப்புத்தான் அதைவிடப் பெரிய உழைப்பாகப் படுகிறது.

எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்த பெருமை வீரமாமுனிவருக்குச் சொல்லப்படுகிறது. இத்தாலியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாதிரியார். கொம்பின் தலையில் இன்னொரு சுழி சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டினார். பிற்பாடு அச்சு பரவிப் புள்ளியையும் நிலைநிறுத்தியது. ஈய எழுத்துக்குக் கிழியும் பயமில்லையே!

எல்லா ஒலிக்கும் குறி வேண்டும் என்பதும் இல்லை. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்தக் குழந்தையும் இதில் தடுமாறுவதில்லை. எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி ஏதும் கிடந்தால், படிக்க முடியவில்லையே என்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். நீங்களே துடைத்து எண்ணெய் பூசவும் இறங்காதீர்கள். சென்னை பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்