தேனீக்குச் சர்க்கரைப் பாகு வைப்பது குற்றமா?

போன வாரம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அக்கா போன் பண்ணியிருந்தாங்க. நம்ம தோட்டத்துத் தேன் ரெண்டு கிலோ வேணும்னாங்க. விலையெல்லாம் பேசி முடிச்ச பிறகு, "ஒண்ணே ஒண்ணு தம்பி, தேனீக்குச் சர்க்கரைத் தண்ணி வைப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. "மழை நாள்ல வைப்பேனுங்க"ன்னு உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப வேண்டாம் தம்பி"ன்னு வெச்சுட்டாங்க.

அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதே கட்சிதான். அந்தப் பிடிவாதத்துல ஒரு பெட்டித் தேனீயை இழந்தவன். அந்தக் கதையைச் சொல்லிட்டு என் கருத்தைச் சொல்றேன்.

நம்ம தோட்டம் பொள்ளாச்சிப் பக்கம். தென்னந்தோப்பு. வீட்டுக்குப் பின்பக்கத்தை நாங்க பொடக்காளின்னு சொல்வோம். அங்க முருங்கை மரத்தடியில ரெண்டு பெட்டி வெச்சேன். கீழ் அறையில ஏழு சட்டம். அதுலதான் ராணி முட்டையிடும், புழு வளரும். மேல இருக்கிற சின்ன அறையில தேன் சேரும். உள்ள இருக்கிறது நம்ம நாட்டு அடுக்குத் தேனீ. பெட்டி வெச்சா போதும், தேன் தானா வரும்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன். ஸ்டாண்டு காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணம் வைக்கணும், அது ஒரு நாள் வத்தினாலும் ராவோட ராவா எறும்பு ஏறிடும்ங்கிறதெல்லாம் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த வருஷம் வேம்பும் புங்கனும் நல்லாப் பூத்துச்சு. வைகாசியில ஒரு பெட்டியோட மேல் அறை நிறைஞ்சு இருந்தது. ஆசை யாரை விட்டுச்சு? மேல இருந்ததை முழுசா எடுத்தேன். அதோட நிக்காம, கீழ் அறையில ஓரத்துச் சட்டங்கள்ல அதுங்க சேர்த்து வெச்சிருந்ததையும் அறுத்தெடுத்தேன்.

ஆனி பிறந்துச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்தும் சாரலும் அடிக்க ஆரம்பிச்சுது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பல வருஷமா பெட்டி வெச்சிருக்கிறவர். ஒரு நாள் வந்து பெட்டியை லேசாத் தூக்கிப் பார்த்தார். "ஏப்பா, கனமே இல்லையே. சாயங்காலம் ஒரு டம்ளர் பாகு காய்ச்சி வையி"ன்னார்.

"நம்முது இயற்கை விவசாயங்ணா. வெள்ளைச் சர்க்கரையெல்லாம் உள்ள வராது. தென்னைதான் வருஷம் பூரா பூக்குதே"ன்னு சொன்னேன்.

"பூக்குது, சரி. இந்த மழையில எது போய் எடுத்துட்டு வரும்?"னு கேட்டுட்டுப் போயிட்டார்.

என்னோட இயற்கை விவசாயக் கூட்டாளி ஒருத்தர் வேற மாதிரி சொன்னார். "காட்டுல இருக்கிற தேனீக்கு யாருங்க சர்க்கரை வைக்கிறாங்க?" இந்தப் பேச்சு எனக்குப் பிடிச்சிருந்தது. செலவும் இல்லை, கொள்கையும் காப்பாத்தியாச்சு. ஒரே ஒரு யோசனைதான் எனக்கு வந்துச்சு, சர்க்கரைக்குப் பதிலா வெல்லத்தைக் கரைச்சு வெச்சா என்னன்னு. அண்ணன் கேட்டுச் சத்தம் போட்டார். வெல்லத்துலயும் நாட்டுச் சர்க்கரையிலயும் இருக்கிற மத்த சத்துகள் நமக்கு நல்லது, தேனீக்குச் செரிக்காது, வயித்தால போகும். சரி, எதுவும் வேண்டாம்னு விட்டுட்டேன்.

ஆடி பாதியில ஒரு நாள் வாசல்ல நடமாட்டம் குறைஞ்ச மாதிரி இருக்கவும் மூடியைத் திறந்தேன். கூட்டமே இல்லை. அடை காஞ்சு கிடக்குது. ஒரு முட்டை இல்லை, புழு இல்லை, ஒரு சொட்டுத் தேன் இல்லை. மெழுகுப் பூச்சி மட்டும் நூலாம்படை மாதிரி பின்னி வெச்சிருந்தது. நம்ம நாட்டுத் தேனீ அப்படித்தான். சாப்பாடு இல்லாத இடத்துல உக்காந்து சாகாது, கூண்டோட கிளம்பிடும். அந்த மழையில எங்க போய்ச் சேர்ந்துச்சோ, தெரியாது.

காட்டுத் தேனீ தன்னோட தேனைத் தின்னு மழைக்காலத்தைத் தாண்டும். என் தேனீயோட தேன் என் வீட்டு அலமாரியில பாட்டில்ல இருந்தது. எடுத்ததும் நான்தான், கொடுக்க மாட்டேன்னு கொள்கை பேசினதும் நான்தான்.

அதனால என் கருத்து இதுதான். பாகு வைக்கிறது குற்றம் இல்லை. எப்ப வைக்கிறாங்க, அந்தத் தேன் யார் கைக்குப் போகுதுங்கிறதுலதான் குற்றம் இருக்கு. பூ இருக்கிற காலத்துலயும் மேல் அறையை வெச்சுக்கிட்டே பாகு ஊத்தி, அதை அடையில அடைச்சதும் தேன்னு விக்கிறாங்களே, அது ஏமாத்து வேலை. அவங்களாலதான் அந்த அக்கா போனை வெச்சாங்க. அவங்க பயம் நியாயமானது.

கூட்டாளி பக்கமும் நியாயம் இருக்கு. தேனுக்குப் பாகு ஈடாகாது. தேவையான அளவு விட்டு வெச்சு எடுத்தா, முக்கால்வாசி நேரம் பாகுக்கே வேலை இருக்காது. ஆனா இப்பத்தான் பிரிச்சு வெச்ச சின்னக் கூட்டத்துக்குச் சேமிப்புன்னு எதுவும் இருக்காது. மழை பத்து நாள் விடாம புடிச்சா அதைப் பட்டினி போட்டுக் கொள்கையைக் காப்பாத்துறதுல எனக்கு இப்ப நம்பிக்கை இல்லை.

இப்ப நான் பண்றது இதுதான். கீழ் அறைத் தேனைத் தொடுறதே இல்லை. மேல் அறையிலயும் மூடின அடையா பார்த்து, கொஞ்சம் விட்டுட்டுத்தான் எடுக்கிறேன். மழை புடிச்சா மேல் அறையைக் கழட்டிட்டு, ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணி, காய்ச்சி ஆற வெச்சு, கொட்டாங்குச்சியில ஊத்தி, மூழ்காம உக்கார நாலு குச்சி போட்டுப் பெட்டிக்குள்ள வைக்கிறேன். பொழுது சாஞ்ச பிறகுதான் வைப்பேன். பகல்ல வெச்சா பக்கத்துப் பெட்டிக்காரங்க கொள்ளையடிக்க வந்துடுவாங்க. அன்னன்னைக்குக் குடிச்சுத் தீர்க்கிற அளவுதான். மிச்சம் இருந்தா சேமிச்சு வெச்சுப் பின்னாடி தேனோட கலந்துடும். பூ தலைகாட்டினதும் பாகை நிறுத்திடுவேன்.

இப்படி எடுத்தா ஒரு பெட்டிக்கு எனக்கு ஒரு கிலோவாவது குறையுது. அந்த நஷ்டத்தை விலையில கொஞ்சம் உங்க தலையில வைக்கிறேன், கொஞ்சம் நான் ஏத்துக்கிறேன்.

தேன் வாங்குறவங்க "சர்க்கரை வைப்பீங்களா?"ன்னு கண்டிப்பா கேளுங்க. "இல்லவே இல்லை"ன்னு பதில் வந்தா, "அப்ப மழைக்கு எவ்வளவு தேன் விட்டு வைப்பீங்க?"ன்னும் கேளுங்க. ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்றவர்கிட்ட தைரியமா வாங்கலாம்.

இந்த வருஷம் பாட்டில்ல ஒட்டுற சீட்டுல ஒரு வரி சேர்த்திருக்கேன்: "ஆனி, ஆடியில் பாகு வைத்தோம். அப்போது தேன் எடுக்கவில்லை." இதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் வாங்காமப் போயிட்டாங்க. இருக்கட்டும். பெட்டியில தேனீ இருக்கு.