மாட்டுப் பல்லில் மஞ்சள் கறை ஏன்?

போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு, மாடு வாங்குகிறவர்கள் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல், நாலு பல் என்று எண்ணி வயதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் பல் வேறொரு சங்கதியும் சொல்லும். இளம் பசுவின் பல்கூடச் சில சமயம் கிழ மாட்டின் பல்லைப் போல மஞ்சளாகித் தேய்ந்திருக்கும்.

காரணம் என்ன? தண்ணீர்தான்!

இங்குள்ள பாறைகளில் 'புளோரைடு' என்ற ஒருவகை உப்பு இருக்கிறது. அது நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில் இது மிகுந்தால், பல்லின் மேல்பூச்சு கெட்டுக் கறை விழும். நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகும்.

மாடு தந்த எச்சரிக்கை

இந்தியாவில் இந்நோயை முதலில் காட்டிக்கொடுத்தவை உழவு மாடுகளே! அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் வட்டாரத்தில் அவை நடக்க முடியாமல் தடுமாறின. மனிதருக்கும் இதே நோய் இருப்பதை 1937-ல் டாக்டர்கள் எழுதினார்கள்.

நம் பக்கத்துக்குக் காவிரித் தண்ணீர் வர மேலும் 76 ஆண்டு ஆயிற்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. ஜப்பான் கடனுதவியுடன், சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது.

மனிதருக்குக் குழாய் வந்தது. தொழுவத்துத் தொட்டிக்கு? அங்கே போர்வெல் தண்ணீர்தானே ஊற்றுகிறோம்! கறவைப் பசு நாளைக்கு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும். அவ்வளவையும் குழாயில் பிடிக்க முடியாது என்பது நியாயமே. கன்றுக்கும் நாய்க்குட்டிக்குமாவது நல்ல தண்ணீர் கொடுக்கலாம். பல் உருவாகும் வயது அதுதான். கூரையில் பிடித்த மழைநீரும் நல்லது. காய்ச்சுவதால் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்!

நாய் வாய் நாறினால்?

அதற்குத் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். நாய்க்கு 42 பல். இடுக்கில் சேரும் அழுக்கு, கல்லாக இறுகி ஈறைப் புண்ணாக்குகிறது. மெல்லிய பிரஷால் தினமும் தேய்த்துவிடலாம். நம் பற்பசை மட்டும் கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். நம் பசை பலவற்றில் இருப்பதும் அதே புளோரைடுதான்! நாய்க்கென்றே தனிப் பசை கடையில் விற்கிறார்கள். ஈறில் ரத்தம் கண்டால், அல்லது தீனியை மெல்லாமல் கீழே போட்டால், கால்நடை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.