பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

“லினக்ஸ் போட்டால் வைஃபை வராது, பிரிண்டர் வராது. அப்புறம் எங்களைக் கேட்கக் கூடாது.” கணினி பழுதுபார்க்கும் கடைகளில் இந்த எச்சரிக்கையைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அதிலிருந்து ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. லினக்ஸுக்கும் அதன் உறவான பிஎஸ்டி இயங்குதளங்களுக்கும் வன்பொருளோடு ஒத்துப்போகத் தெரியாது, காசில்லாமல் கிடைப்பதன் தரம் அவ்வளவுதான் என்ற முடிவு. இது தவறான முடிவு. தகவலை ஒளித்துவைத்தவரைத் தப்பவிட்டு, முப்பது ஆண்டுகளாக அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறவர்கள் தலையில் பழியைப் போடுவதால் அநியாயமான முடிவும்கூட.

டிரைவர் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு வைஃபை சிப்புக்குள் ஏராளமான ரெஜிஸ்டர்கள் உண்டு. எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எழுதினால் சேனல் மாறும், எதைப் படித்தால் காற்றில் வந்த தரவு கைக்குக் கிடைக்கும், எந்த வரிசையில் கட்டளை கொடுத்தால் உறங்கும் சிப் விழிக்கும் என்பதெல்லாம் தெரிந்து அதை இயக்கும் நிரல்தான் டிரைவர். இதை எழுத முதலில் வேண்டியது தகவல். அந்தத் தகவல் சிப்பைச் செய்தவரிடம்தான் இருக்கிறது. விண்டோஸுக்கான டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதுவது மைக்ரோசாஃப்ட் அல்ல, அந்தந்த உற்பத்தியாளர்தான். அங்கே வாங்குகிறவர் கூட்டம் அதிகம் என்பதால் எழுதுகிறார். “விண்டோஸில் எல்லாம் ஓடுகிறதே” என்று நாம் வியக்கும்போது, அந்த இயங்குதளத்தின் சாமர்த்தியம் என்று நினைத்து அதன் சந்தைப் பங்கைத்தான் வியக்கிறோம்.

தகவலை மறைப்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணமும் அல்ல. ஐபிஎம் 1981இல் தன் பர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோது அதற்கென வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடமும் இருந்தது, பயாஸ் நிரலின் முழுப் பட்டியலும் இருந்தது. ஆப்பிள் 2 கணினியின் கையேடும் அப்படித்தான். அந்தப் பழக்கம் பின்னால் கைவிடப்பட்டது. கைவிட்டவர்கள் உற்பத்தியாளர்கள்.

கைவிட்டதன் விலை என்ன என்பதற்கு பிராட்காம் கதை போதும். 2003க்குப் பிறகு வந்த பல மடிக்கணினிகளிலும், ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் அட்டையிலும் இருந்தது பிராட்காமின் வைஃபை சிப். லினக்ஸ் மடிக்கணினிகளுக்கு அந்த நிறுவனம் டிரைவரும் தரவில்லை, ஆவணமும் தரவில்லை. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஏமாற்றி ஓட்டும் என்டிஸ்ராப்பர் என்ற ஏற்பாட்டைப் பலர் நாடினார்கள். தன்னார்வலர்கள் சிலர் கடினமான வழியைத் தேர்ந்தார்கள். ஒரு குழு ஏற்கனவே இருந்த மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குறிப்புகளாக எழுதியது. இன்னொரு குழு அந்த டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. பதிப்புரிமை வழக்கு வந்துவிடக் கூடாதே என்பதற்காக இத்தனை கட்டுப்பாடு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின், 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 பதிப்பில் அந்த டிரைவர் சேர்ந்தது.

அதோடும் தீரவில்லை. சிப் விழித்ததும் அதற்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை மற்றவர்கள் பகிர பிராட்காம் அனுமதிக்கவில்லை. பயனரே விண்டோஸ் டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி, ஒரு சிறு கருவியால் அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்துக்குப் போகத்தான் அந்த வைஃபையே வேண்டும்! இந்த இடத்தில் வெறுத்துப்போய் லினக்ஸை அழித்தவர்கள் ஏராளம், அவர்கள் கோபம் நியாயமானது. கோபம் போய்ச் சேர்ந்த முகவரிதான் தவறு. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சிப்கள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. அதனால் அந்த நிறுவனம் மூழ்கிவிடவில்லை.

“டிரைவர் எழுத ஆளில்லை” என்றும் ஒரு பேச்சு உண்டு. அதற்கும் ஆதாரம் இல்லை. கெர்னல் நிரலாளர் கிரெக் குரோ-ஹார்ட்மன் 2007இல் பகிரங்கமாக ஓர் அழைப்பு விடுத்தார்: எந்த நிறுவனமானாலும் சாதனத்தின் விவரத்தை மட்டும் கொடுங்கள், டிரைவரை நாங்கள் பணம் வாங்காமல் எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் தயார். வேலை செய்ய நூற்றுக்கணக்கான நிரலாளர்கள் பெயர் கொடுத்தார்கள்.

அந்த ரகசிய ஒப்பந்தத்தையும் ஏற்க மாட்டோம் என்று நின்றவர்கள் ஓபன்பிஎஸ்டி குழுவினர். தியோ டி ராட் தலைமையிலான அவர்கள் கேட்டது ஒன்றே: ஆவணத்தைப் பொதுவில் வையுங்கள். பல வட்டுகளை ஒன்றாக நிர்வகிக்கும் அடாப்டெக் நிறுவனத்தின் ரெய்ட் அட்டைகளுக்கு ஆவணம் கிடைக்காதபோது, 2005இல் அந்த டிரைவரையே தங்கள் இயங்குதளத்தின் பொதுக் கட்டமைப்பிலிருந்து நீக்கினார்கள். பிடிவாதக்காரர்கள் என்று அவர்களைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது பொறுப்புணர்வாகவே தெரிகிறது. ரெய்ட் அட்டை என்பது ஒரு நிறுவனத்தின் மொத்தத் தரவும் கடந்துபோகும் வாசல். அரைகுறையாகத் தெரிந்த சாதனத்துக்கு “ஆதரவு உண்டு” என்று பட்டியல் போட்டு, ஒரு நாள் வட்டு செத்த பிறகு கையை விரிப்பது பயனருக்குச் செய்யும் துரோகம். மூடிய நிரலைக் கெர்னலுக்குள் அனுமதிக்கவும் அவர்கள் மறுத்தார்கள். கெர்னலுக்குள் ஓடும் நிரலுக்கு நினைவகம் முழுவதும் திறந்து கிடக்கும். அதில் ஓட்டை இருந்தால் வெளியார் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் மிகக் கடினம். வைஃபை சாதனங்களின் ஆவணங்களுக்காக நடத்திய போராட்டத்துக்காகவே தியோ டி ராட்டுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2004ஆம் ஆண்டுக்கான விருதை வழங்கியது.

வரைகலை அட்டைகளில் இதே கதை இரு கிளைகளாகப் பிரிந்ததைப் பார்க்கலாம். ஏடிஐ நிறுவனத்தை 2006இல் வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. இன்று ஏஎம்டி அட்டையை லினக்ஸ் கணினியில் செருகினால் பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. என்விடியா மூடிய டிரைவரோடு நின்றது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தை நடுவிரல் காட்டித் திட்டியது உலகம் அறிந்தது. அதற்குப் பிறகும், 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் அட்டைகள் முதல், நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே சிப் ஏற்கும் என்றாக்கினார்கள். தன்னார்வலர்கள் எழுதிய நூவோ டிரைவரால் அட்டையின் வேகத்தை உயர்த்தக்கூட முடியாமல் போயிற்று. “நூவோ மெதுவாக ஓடுகிறது” என்று விமர்சனம் எழுதியவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டும். 2022 மே மாதத்தில்தான் என்விடியா தன் கெர்னல் பகுதி நிரலைத் திறந்தது.

தகவல் பொதுவில் இருக்கும் இடங்களில் என்ன நடக்கிறது? பென் டிரைவ் வாங்கும்போது லினக்ஸில் ஓடுமா என்று யாராவது கேட்கிறோமா? கீபோர்டு, மவுஸ்? யுஎஸ்பி சாதனங்களுக்கென்று வகுக்கப்பட்ட பொது விதிகளை அவை பின்பற்றுகின்றன. எல்லோருக்கும் விதி தெரியும், எல்லா இயங்குதளத்திலும் ஓடுகின்றன. வெப்கேமராக்களும் பொதுவிதிக்கு வந்தபின் 2008இல் அதற்கான ஒரே டிரைவர் கெர்னலில் சேர்ந்தது, அந்தத் தொல்லை பெருமளவு ஓய்ந்தது. பிரிண்டர்களில் இரண்டு நிலைமையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக ஓடும் கேனான் எல்பிபி 2900, பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடுகிறது. கணினியோடு அது பேசும் கேப்ட் மொழி கேனானின் ரகசியம். லினக்ஸில் அதை இயக்க ஒருவர் படும் பாடு இந்த ரகசியத்திலிருந்து வருவது. ஐபிபி எவ்ரிவேர் போன்ற பொது மொழியில் பேசும் புதிய பிரிண்டர்களுக்கு அந்தந்த மாடலுக்கென்று டிரைவரே வேண்டாம். நெட்வொர்க்கில் இணைத்தால் அச்சாகும்.

ஆயுள் விஷயத்தில் ஊர் நம்பிக்கை தலைகீழாகவே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். கெர்னலின் உள் அமைப்பை ஒருவர் மாற்றினால், அந்த மாற்றத்தால் பாதிக்கப்படும் டிரைவர்கள் அனைத்தையும் திருத்துவது அவர் பொறுப்பு. அதனால் உற்பத்தியாளர் கடையை மூடிவிட்டுப் போனாலும் டிரைவர் உயிரோடு இருக்கிறது. 1985இல் வந்த 386 சிப்புக்கான ஆதரவை லினக்ஸ் கைவிட்டது 2013இல். மறுபக்கம், 2007இல் விஸ்டா வந்தபோது நன்றாக இருந்த ஸ்கேனர்களும் பிரிண்டர்களும் டிரைவர் இல்லாமல் மூலைக்குப் போயின. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, பிராசசர் பழையது என்ற காரணங்களால் விண்டோஸ் 11க்குப் போக முடியாத கணினிகள் உலகெங்கும் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடும்.

லினக்ஸும் வன்பொருளும் ஒத்துப்போகாது என்று நம்புகிறவரின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். தொடுதிரை, கேமரா, மோடம் எல்லாம் ஓடுகின்றன, ஏனென்றால் விற்பவர்கள் டிரைவர் எழுதினார்கள். ஆனால் அவற்றில் பலவற்றைப் பொதுக் கெர்னலில் சேர்க்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். சிப் நிறுவனம் அந்தப் பழைய டிரைவரைப் புதுப்பிக்காமல் விட்டதும் புதிய கெர்னலுக்குப் போவது அரிதாகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் மெல்ல நிற்கின்றன. நல்ல நிலையில் உள்ள போன் காலாவதியாகிறது. இரண்டு மூன்று வருடத்தில் போன் மாற்றுவதை இயல்பு என்று நம்மை ஏற்க வைத்த காரணங்களில் இதுவும் ஒன்று.

வணிக ரகசியம் என்பார்கள். சிப்பை எப்படி வடிவமைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு எப்படிக் கட்டளை கொடுப்பது என்றுதான் கேட்கிறார்கள். ஏஎம்டி பல ஆண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டே வியாபாரம் செய்கிறது.

இன்றும் சில கைரேகை உணரிகளும் சில வைஃபை அட்டைகளும் லினக்ஸில் தகராறு செய்வது உண்மை. நாளைக்கே வேலை ஆக வேண்டியவரிடம் கொள்கை பேச எனக்கு மனமில்லை. ஓடும் சாதனம் எது என்று விசாரித்து வாங்குவதே அவருக்கு வழி. தனி ஆள் கேட்டால் சிப் நிறுவனம் திரும்பிப் பார்க்காது. ஆனால் தமிழ்நாடு அரசு தனி ஆள் அல்ல. 2011 முதல் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிக் கொடுத்த அரசு இது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை போதும்: வைஃபை, திரை, ஒலி, கேமரா, டச்பேட் ஆகிய ஒவ்வொன்றுக்குமான டிரைவர் லினக்ஸ் கெர்னலின் பொது மூலநிரலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதை எழுதத் தேவையான ஆவணத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும். இதற்கு அரசுக்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று கேட்கும் அதே பட்டியலில் இன்னொரு வரியாக இதையும் சேர்த்தால் ஆயிற்று.