தனி மேஜை கேட்கும் சைவ நண்பர்களுக்கு...

முதலிலேயே சொல்லி விடுகிறேன், அப்புறம் யாரும் வம்புக்கு வரக்கூடாது. நான் சைவம். பிறந்ததிலிருந்தே. கேக்கில் முட்டை இருக்கா என்று மூன்று தடவை கேட்டு, கடைக்காரர் முகம் சுளித்த பிறகுதான் வாங்குவேன். "உங்களோட வெளியில வந்தா மானம் போகுது" என்பது தங்கமணியின் நிரந்தரப் புகார்.

ஆகவே கீழே எழுதியிருப்பதெல்லாம் வீட்டுக்குள் நடக்கும் சண்டை. வெளி ஆள் வந்து சைவத்தைக் கிண்டல் அடிப்பதாக நினைக்க வேண்டாம்.

அணுசக்தி நகருக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருடம் ஜெர்மனியில் ஆணி பிடுங்கினேன். அங்கே மதியச் சாப்பாடு என்றால் எனக்கு உருளைக்கிழங்கு வறுவலும் இலைதழையும்தான். "வெஜிடேரியன்" என்று சொன்னதும், "அப்படியா, அப்போ மீன் சாப்பிடுங்க" என்று அன்போடு உபசரிப்பார்கள். அந்த ஊரிலிருந்து மும்பைக்கு வந்தவனுக்கு இந்த நகரம் எப்படி இருந்திருக்கும்? நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவனுக்கு மும்பையைப் போல ஒரு ஊர் கிடையாது மக்களே. செம்பூர் கேம்ப் பக்கம் போனால் தால் பக்வான். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் கொண்டு வந்த பண்டம். மொறுமொறு பக்வானை உடைத்து, கடலைப்பருப்பில் தொட்டு, மேலே கொஞ்சம் புளிச்சட்னி... மதியம் ஒரு மணிக்கும் கிடைத்தால் விடமாட்டேன். தெருமுனை சாண்ட்விச் காரரிடம் பச்சைச் சட்னி தடவி, பீட்ரூட், வெள்ளரி, உருளைக்கிழங்கு அடுக்கிய சாண்ட்விச். மிசல் பாவ். விரத நாளில் ஜவ்வரிசி கிச்சடி. பாவ் பாஜி வண்டியில் "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் இல்லாமல் வாழைக்காய் போட்டுச் செய்து கொடுப்பார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது.

நம்ம ஆட்களை விட்டுவிட முடியுமா? காலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை "பாம் பாம்" என்று அமுக்கியபடி கிளம்பும் இட்லிக்காரர்கள் இந்த நகரத்தின் பாதித் தெருக்களுக்குப் பசியாற்றுகிறார்கள். சனிக்கிழமை என்றால் எங்கள் குடும்பம் மாதுங்காவில். ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங், 1942ல் ஆரம்பித்தது. டோக்கன் வாங்கி, நம் எண் வரும் வரை காத்திருந்து, வாழை இலை போட்டுச் சாப்பாடு. கஃபே மெட்ராஸ், ராம் ஆஷ்ரய் எல்லாம் அதே காலத்துக் கடைகள். இன்றும் வாசலில் கூட்டம்.

இந்த இடங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ராமா நாயக்கில் உங்கள் எதிரே யார் உட்காருவார் என்பது உங்கள் கையில் இல்லை. எந்த நாற்காலி காலியோ அங்கே உட்கார வேண்டியதுதான். எதிர் இலைக்காரர் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர் ரசத்தை உறிஞ்சுகிறார், நாமும் உறிஞ்சுகிறோம், அவ்வளவுதான். ஸ்டேஷன் வாசல்களில் வடா பாவ் கடையும் முட்டை புர்ஜி கடையும் தோளோடு தோள் நிற்கும். இரண்டு கடைக்கும் பாவ் ஒன்றுதான். அந்த பாவ் கூட போர்த்துகீசியர்கள் விட்டுப்போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஆபீஸில் (பெயர் வேண்டாம், சம்பளம் வர வேண்டும் :-) ) சாப்பாட்டு அறையில் இரண்டு மைக்ரோவேவ். கொஞ்ச நாள் முன்பு ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. ஒன்றை "சைவம் மட்டும்" என்று ஒதுக்க வேண்டும், கூடவே ஜன்னலோர மேஜைகள் நான்கையும் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தர வேண்டும் என்று. நானும் கையெழுத்துப் போட்டேன். பெரிதாக யோசிக்கவெல்லாம் இல்லை. "நமக்கு நல்லதுதானே" என்ற அளவில் போட்ட கையெழுத்து.

ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எங்கள் டீமில் ஒரு தம்பி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்தில் தாராவிக்கு வந்த குடும்பம், இவன் மூன்றாவது தலைமுறை. அம்மா கொடுத்தனுப்பும் நெத்திலிக் குழம்பு டப்பாவோடு வந்தவன் ஸ்டிக்கரைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போய் நின்றான். அதற்கப்புறம் சில நாள் தன் சீட்டிலேயே சாப்பிட்டான். ஒரு நாள் திடீரென்று ஜன்னலோரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். தயிர்சாதம்.

"என்னடா தம்பி, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"இல்லண்ணே. தயிர்சாதம்னா எங்க வேணா உக்காரலாம்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அடுத்த வாய் இறங்கவில்லை.

நண்பர்களே, நாம் கேட்டது ஒரு மேஜை. நடந்தது என்ன? ஒரு பையன் தன் அம்மா சமையலை வீட்டிலேயே விட்டுவிட்டு வர ஆரம்பித்தான்.

இது என் ஆபீஸ் கதை மட்டும் இல்லை. இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் பவாய். ஐஐடி மும்பையில் 2023 ஜூலையில் ஒரு ஹாஸ்டல் கேன்டீன் சுவரில், சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டுமே இங்கே உட்காரலாம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது என்று முதலில் பதில் வந்தது. இரண்டே மாதத்தில் ஆறு மேஜைகளைச் சைவத்துக்கென்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் அபராதம். "வடக்கத்தி புத்தி" என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். 2018 டிசம்பரில் நம்ம சென்னை ஐஐடி மெஸ்ஸில் சைவத்துக்குத் தனி வாசல், தனி கை கழுவும் இடம் என்று சுவரொட்டி ஒட்டி, எதிர்ப்பு கிளம்பியதும் கிழித்தார்கள். கை கழுவத் தனி இடம்! சாப்பிட்டு முடித்த கை கூடத் தீட்டா?

2024 மார்ச்சில் சொமாட்டோ சைவத்துக்கென்று பச்சைச் சட்டை போட்ட தனிப்படை என்று அறிவித்தது. மறுநாளே பச்சைச் சட்டையை வாபஸ் வாங்கியது. என்ன காரணம்? சிவப்புச் சட்டை என்றால் அசைவம் என்று முத்திரை விழும். சில குடியிருப்புகளில் அந்தப் பையன்களை உள்ளே விடாமல் போகலாம், வாங்கிய குடித்தனக்காரருக்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம் பிரச்சினை வரலாம். பயந்தது வீண் பயம் இல்லை. மும்பையில் வாடகைக்கு வீடு தேடிய யாரையும் கேளுங்கள். வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்கு முன் "நான்வெஜ் சாப்பிடுவீங்களா" என்று புரோக்கர் கேட்பார்.

நம்மவர்களுக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. மும்பைக்காரர்கள் "மதராஸி" என்றாலே இட்லி, தயிர், சைவம் என்று நினைக்கிறார்கள். நாமும் அதில் குளிர்காய்கிறோம். "சவுத் இந்தியனா? அப்போ வீடு தரலாம்" என்றதும் பல்லிளிக்கிறோம். 2014ல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் தமிழ்நாட்டில் சைவம் 100க்கு 3 பேர் கூட இல்லை. மகாராஷ்டிராவில் சுமார் 40 பேர். தனி மேஜை போட்டால் நம் சொந்த ஊர் மொத்தமும் அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும். நீங்களும் நானும் மட்டும் ஜன்னலோரம்.

இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன? தென்னிந்திய ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. அது ஒழிந்தது 1941ல். 1957ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில், பலகையிலிருந்து "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் நடத்திய போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அன்றைக்கும் "சுத்தம்", "ஆசாரம்", "எங்கள் வழக்கம்" என்றுதான் பதில் சொன்னார்கள். பெயரை மாற்றி அதையே இப்போது மைக்ரோவேவில் ஒட்டியிருக்கிறோம்.

மும்பையில் நம் சாப்பாடு பட்ட பாட்டையும் மறந்துவிட்டோம். 1966ல் சிவசேனா தொடங்கியதும் முதலில் மாட்டியது நாம்தான். உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. லுங்கியை வைத்தே கோஷம் போட்டார்கள். நம் இட்லியும் சாம்பாரும் அன்றைக்கு அவர்களுக்கு அந்நிய நாற்றம். அதையெல்லாம் தாங்கி நின்ற ஊரில், இன்றைக்கு நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்தவன் டப்பாவைப் பார்க்கிறோம்.

"வாசனை ஒத்துக்கலை, குமட்டுதே, என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் சில நாள் ஒத்துக்கொள்ளாது. எங்கள் காலனியில் கீழ்வீட்டில் வங்காளிக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கடுகெண்ணெயில் மீன் பொரித்தால் மாடிப்படி முழுக்க மணக்கும். நம் வீட்டில் பெருங்காயம் தாளிக்கும்போது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நாம் கேட்டிருக்கிறோமா? நமக்கு அது "கமகம". பதினோரு வருடமாக இரண்டு வீடும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வாழ்கிறோம்.

"சைவ ஓட்டலையே மூடச் சொல்றியா?" என்றால், ஐயா, நான் சொன்னது காதில் விழவில்லையா? கடைக்காரர் என்ன சமைப்பது என்பது அவர் இஷ்டம். மாதுங்கா கடைகளில் சைவம் மட்டும்தான், ஆனால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தனிக் கரண்டி கேளுங்கள், தனிப் பாத்திரம் கேளுங்கள், எண்ணெய் தனியா என்று கேளுங்கள். நானும் கேட்பேன். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி போடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. புள்ளி பொட்டலத்தின் மேல் இருக்கட்டும். மனுஷன் மேல் வேண்டாம்.

என் சைவத்தை இத்தனை வருடம் காப்பாற்றியது எந்தத் தனி மேஜையும் இல்லை. வாழைக்காயில் பாவ் பாஜி செய்து கொடுத்த வண்டிக்காரரும், "இதுல முட்டை இருக்கு சாப், வேண்டாம்" என்று தானாகவே சொன்ன பேக்கரிக்காரரும்தான். அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

போன மாதம் என் பெயரை அந்தக் கடிதத்திலிருந்து எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "நோட்டட்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. நான் மட்டும் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து உள்பக்க மேஜைக்குப் போய்விட்டேன். முதல் நாள் இரண்டு பேர் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது இன்னும் இரண்டு சைவ ஆட்கள் அங்கே வந்து உட்காருகிறார்கள். தம்பியும் வருகிறான்.

அவன் டப்பாவில் இன்னும் பெரும்பாலும் தயிர்சாதம்தான்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு கடிதம் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த மேஜையிலிருந்து எழுந்து போகப்போவது யார் என்று ஒரு முறை அறையைச் சுற்றிப் பாருங்கள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு தங்கமணி கேட்டது: "எல்லாம் சரி, நாளைக்கு அந்தத் தம்பியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவீங்களா? அவன் அம்மா குழம்பு கொடுத்தனுப்பினா டேபிள்ல வைப்பீங்களா?" கூப்பிட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு. வைப்போம்.