33 நிமிடத்துக்கு ஒரு தடவை

'டீம் ஒர்க்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். பி.காம். சேர்ந்த நாளிலிருந்து எத்தனை செமினார், எத்தனை ஸ்லைடு! நாலு கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிற அந்தப் படம் இல்லாத ஸ்லைடே கிடையாது. எறும்பைப் பார், தேனீயைப் பார் என்பார்கள். பார்த்தாச்சு சார்.

அப்படிப்பட்ட நான் டீம் ஒர்க்கைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்றால் காரணம் ஒரே ஒரு டிவி எபிசோட். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரின் முதல் சீசன், முதல் எபிசோட். பெயர் '33'. இங்கிலாந்தில் 2004 அக்டோபரிலும் அமெரிக்காவில் 2005 ஜனவரியிலும் ஒளிபரப்பானது. அப்போது எனக்கு ஒழுங்காக நடக்கத் தெரிந்திருந்தாலே பெரிய விஷயம். போன வருஷம் ஒரு நண்பனின் ஹார்ட் டிஸ்கில் கிடைத்தது. அதற்குப் பிறகு ஐந்து தடவை பார்த்துவிட்டேன்.

(கதையை முடிவு வரை சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். முக்கால் மணி நேரம்தான்.)

முன்கதை சுருக்கமாக. மனிதர்கள் உருவாக்கிய சைலான் என்ற எந்திரங்கள் பன்னிரண்டு கிரகங்களையும் அணுகுண்டு போட்டு அழித்துவிட்டன. தப்பித்தவர்கள் சுமார் ஐம்பதாயிரம் பேர். கையில் கிடைத்த கப்பல்களில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் காவலாக இருப்பது கலாக்டிகா என்ற ஒரே ஒரு பழைய போர்க்கப்பல். அதையும் மியூசியம் ஆக்கப் போகிற நேரத்தில்தான் போர் வந்தது.

எபிசோட் தொடங்கும்போது யாரும் தூங்கி ஐந்து நாளுக்கு மேல் ஆகிறது. கப்பல்கள் எல்லாம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரே நொடியில் தாவுகின்றன. தாவிய 33 நிமிடத்தில் சைலான்கள் வந்து நிற்கிறார்கள். மறுபடி தாவல், மறுபடி 33 நிமிடம். 130 மணி நேரம் என்று ஒரு வசனம் வரும். காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? 7,800 நிமிடத்தை 33-ஆல் வகுத்துப் பார்த்தேன். 236 வருகிறது. தொடரிலும் தாவல் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். எழுதினவர்கள் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்!

ஏன் 33? கடைசி வரை சொல்லவே மாட்டார்கள். எழுதிய ரொனால்ட் டி. மூர், அந்த எண்ணுக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று பிறகு சொல்லிவிட்டார். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூர் அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் 'ஸ்டார் ட்ரெக்' எழுதினவர். ஸ்டார் ட்ரெக்கில் (அதுவும் எனக்குப் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்) ஆபத்து வந்தால் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவருக்குப் பளிச்சென்று ஐடியா தோன்றும், இன்னொருவர் அதை முடித்து வைப்பார், பிழைத்துக்கொள்வார்கள். '33'-இல் யாருக்கும் எந்த ஐடியாவும் வருவதில்லை. வேலை மட்டும் நடக்கிறது. கெய்ட்டா கடிகாரத்தைப் பார்க்கிறான். டுவாலா எந்தெந்தக் கப்பல் வந்து சேர்ந்தது என்று பார்க்கிறாள். டிரோல் விமானங்களை ஒட்டுப்போட்டு அனுப்புகிறான். பைலட்கள் வெளியே போய் எதிரியைத் தடுத்து நிற்கிறார்கள். மக்கள் இருக்கும் கப்பல்கள் எல்லாம் தாவின பிறகு, பைலட்களையும் உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைசியாகத்தான் கலாக்டிகா தாவும். ஒவ்வொரு தடவையும் கடைசி ஆளாக.

அந்த வேலைகளில் ஒன்றுகூட வீர சாகசம் கிடையாது. எண்ணுவது, சரிபார்ப்பது, திருப்பிச் சொல்வது. கண் சொருகுகிற நேரத்தில் இதைத் தப்பில்லாமல் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று ராத்திரி இரண்டு மணிக்கு டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

தப்பும் நடக்கிறது. ஒரு தாவலில் 'ஒலிம்பிக் கேரியர்' என்ற கப்பல் வந்து சேரவில்லை. அதில் 1,345 பேர். ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தடவை 33 நிமிடம் கழித்துச் சைலான்கள் வரவில்லை. சில மணி நேரம் கழித்து அந்தக் கப்பல் மட்டும் தனியாக வருகிறது. நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. உள்ளே அணுகுண்டு இருப்பதாகக் கருவி காட்டுகிறது. பின்னாலேயே சைலான்கள் வந்துவிட்டார்கள். ஜன்னலில் ஆள் யாரும் தெரியவில்லை. ஆனால் இல்லை என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

சுடச் சொல்கிறார் ஜனாதிபதி லாரா ரோஸ்லின். தளபதி அடாமா உத்தரவைக் கீழே அனுப்புகிறார். அப்போலோவும் ஸ்டார்பக்கும் சுடுகிறார்கள்.

இந்த எபிசோடைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'அந்த முடிவு சரியா தப்பா' என்றுதான் பேசுவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் நான் பார்த்தது வேறு. அங்கே ஒருத்தர்கூட 'நாம எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு' என்ற போர்வைக்குள் ஒளியவில்லை. சொன்னது ரோஸ்லின். உத்தரவு போட்டது அடாமா. விசையை அழுத்தியது இரண்டு பேர். யார் எதைச் செய்தார்கள் என்று நால்வருக்கும் தெரியும், அது அவரவரிடமே இருக்கும். டீம் என்றால் பொறுப்பைப் பங்கு போட்டு ஆளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். இங்கே யாருக்கும் குறையவில்லை, ஒவ்வொருவரும் முழுசாகச் சுமக்கிறார்கள்.

இதற்கு முன்னோட்டம் மாதிரி ஒரு காட்சி நடுவிலேயே வரும். தூக்கம் வராமல் இருக்க மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறான் அப்போலோ. ஸ்டார்பக் மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறாள். அவன் நயமாகப் பேசிப் பார்க்கிறான். அவளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. எல்லோருக்கும் நண்பனாக இருக்கப் பார்க்காதே, நீ எங்கள் தலைவன், அப்படி நடந்துகொள் என்று அவனையே திட்டுகிறாள். உடனே அவன் விறைப்பாக உத்தரவு போடுகிறான்: போய் விமானத்தில் ஏறு, வாயை மூடு, மாத்திரையைப் போடு. 'யெஸ் சார்' என்கிறாள். அப்புறம் இரண்டு பேர் முகத்திலும் ஒரு சிரிப்பு. தன் வேலையைச் செய்வதற்காக அவனை அவன் வேலையைச் செய்ய வைக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் விசில் அடிக்கத் தோன்றும்.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை. நாலாவது செமஸ்டரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்தோம். கடைசி வாரம் ஒருத்தன் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். அவன் செய்ய வேண்டிய இரண்டு அத்தியாயத்தையும் நாங்களே ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்தோம். பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் நாலு பெயர்தான் இருந்தது. அவன் அப்பாவை ஐ.சி.யு.வில் சேர்த்திருந்த விஷயம் பிறகுதான் தெரிந்தது. 'ஏன்டா பண்ணீங்க' என்று கேட்டபோது நாலு பேரும் சொன்ன பதில், 'எல்லாரும் சேர்ந்துதான்டா முடிவு பண்ணோம்.'

பொய். யாரும் எதுவும் முடிவு பண்ணவில்லை. யாரும் பேசக்கூட இல்லை. அந்தப் பக்கத்தை டைப் செய்தவன் நான். அவன் பெயர் மேல் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை அழுத்தியது என் விரல். மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு கப்பலைச் சுடுவதையும் இதையும் ஒப்பிடுவது அபத்தம்தான், தெரியும். ஆனால் ரோஸ்லின் உத்தரவு சொல்லும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கீபோர்டு ஞாபகம் வருகிறது. 'எல்லாரும்' என்று ஏன் சொன்னேன்? 'நான்' என்று சொல்லியிருந்தால் அவன் என்னோடு சண்டையாவது போட்டிருப்பான். 'எல்லாரும்' என்றால் யாரோடு சண்டை போடுவான்?

எபிசோடின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கேப்ரிகா கிரகத்தில் மாட்டிக்கொண்ட ஹீலோவின் கதை ஊடே ஊடே வந்து வேகத்தைக் கெடுக்கிறது. பால்டர் தன் கற்பனைப் பெண்ணோடு பேசும் காட்சிகளும் கொஞ்சம் நீளம். மற்றபடி, 2005-இல் ஹியூகோ விருது கொடுத்தவர்கள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ரோஸ்லினின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை அதில் எழுதி, அழித்து, திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஆரம்பத்தில் 50,298. செத்தவர்களைக் கழித்து, எண்ணியதில் இருந்த பிழைகளைத் திருத்திக் குறைந்துகொண்டே வருகிறது. உலகத்திலேயே கொடூரமான லெட்ஜர். எல்லாம் முடிந்து களைத்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உதவியாளன் பில்லி வந்து ஒரு செய்தி சொல்கிறான். ரைசிங் ஸ்டார் என்ற கப்பலில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ரோஸ்லின் எழுந்து போய், வேறு யாரிடமும் சொல்லாமல், தன் கையாலேயே கடைசி எண்ணை அழித்து எழுதுகிறார். 47,973.

போன வாரம் அந்த நண்பனுக்கு இந்த எபிசோடைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பெயரை அழித்தது நான்தான் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். பென் டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். இன்னும் பார்க்கவில்லையாம்.